பெரியம்மா நான்காம் அறைக்குப் போன கதை

ஆடு மாடுகளின் குடலுக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் கெட்ட கிருமிகளை, தீவனத்தில் ரசாயனப் பொடி கலந்து குறைப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது குடல் தூய்மை வாரியம். நல்ல நோக்கம்தான். பொடியும் நல்ல பொடி என்றுதான் சொல்கிறார்கள். வாரியத்தின் கிடங்கை விட்டு அது வெளியே வந்ததை யாரும் பார்த்ததில்லை என்பதால், சொல்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை.

வாரியத்துக்குக் கட்டடம் வரைந்து கொடுத்தவர் ஆர்வக்கோளாறு பிடித்த மனிதர். ஆட்டு வயிற்றுக்கு நான்கு அறை என்று எங்கோ படித்துவிட்டு, அலுவலகத்துக்கும் நான்கு அறை வைத்துவிட்டார். முதல் அறையில் கோப்பு ஊறும். இரண்டாம் அறையில் பிரித்துப் பார்ப்பார்கள். பிரித்தது புரியவில்லையென்றால், பெரும்பாலும் புரியாது, மறுபடி முதல் அறைக்கே அனுப்பி அசைபோடுவார்கள். மூன்றாம் அறையில் பிழிவார்கள். நான்காம் அறையில் செரிக்க வேண்டும். ஆனால் இதுவரை ஒரு கோப்பும் அந்த அறைவரை போய்ச் சேர்ந்ததில்லை. அங்கிருந்த மேசைமேல் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பாலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படாமல் பளபளவென்று இருந்தது.

இப்பேர்ப்பட்ட வாரியத்தின் கையில்தான் ஆட்டுக்காரர் மாட்டிக்கொண்டார்.

ஆட்டுக்காரர் பரம சாது. யார் எது சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டிவிடுவார். மழை வரும் என்றாலும் சரிங்க, வராது என்றாலும் சரிங்க. ஒருமுறை பல் வைத்தியர் தவறான பல்லைப் பிடுங்கிவிட்டு "இதுவும் ஆடிட்டுதான் இருந்திச்சு" என்று சொன்னபோது, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே "சழிங்க" என்றவர். அவர் வாழ்நாளில் அடித்த நக்கல் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மனைவியின் அண்ணன் கட்டிய கொட்டகையைப் பற்றி. "கொட்டகை நல்லாத்தான் இருக்கு மச்சான். மூக்கை மட்டும் வீட்டுல கழட்டி வெச்சுட்டு வரணும்." அன்றோடு மச்சானுடன் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

ஆட்டுக்காரரின் சொத்து ஒரு மந்தை. மந்தையின் சொத்து பெரியம்மா. பெரியம்மா என்பது கழுத்தில் மணி கட்டிய கிழட்டுப் பெண்ணாடு. ஆட்டுக்காரரின் மனைவி வைத்த பெயர். "எங்க பெரியம்மா மாதிரியே மூஞ்சி, எங்க பெரியம்மா மாதிரியே திமிரு, அவங்களாவது எப்பவாச்சும் சிரிப்பாங்க." வருஷத்துக்கு ஒருமுறை இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து லாரி வரும்போது பெரியம்மாவுக்கு வேலை. லாரியின் பின்பக்கம் சாய்த்த பலகைமேல் அவள் மணியை ஆட்டிக்கொண்டு முதலில் ஏறுவாள். அவளை நம்பி மந்தை முழுக்க ஏறும். எல்லாம் ஏறியதும், பக்கவாட்டில் இருக்கும் ஓர் ஆட்டளவு கதவு வழியாக அவள் மட்டும் நைசாக இறங்கி வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வாள். அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆட்டுக்காரருக்கும் அதை யோசித்து யோசித்து மனசில் ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தது.

அந்த வருஷம் தொழிற்சாலை வாசலில் புதிதாகப் பலகை தொங்கியது: வாரியத்தின் குறைப்பு முத்திரை முதுகில் இல்லாத ஆட்டுக்கு அனுமதி இல்லை. மேய்ச்சல் நிலத்தில் புல் பழுக்க ஆரம்பித்திருந்தது. புல் முடிவதற்குள் மந்தை லாரி ஏறாவிட்டால் எல்லாம் நின்ற இடத்திலேயே எலும்பாகிவிடும். அது ஆடுகளுக்குத் தெரியாது. ஆட்டுக்காரருக்குத் தெரியும். அவர் மனைவிக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

விண்ணப்பித்ததும் வாரியத்திலிருந்து மாதிரி அலுவலர் வந்தார். முழங்கைவரை கையுறை, நீளக் காம்பு போட்ட கரண்டி, வெள்ளைப் பீங்கான் தட்டு, தட்டைப் பிடித்துக்கொள்ள ஓர் உதவியாளர். புழுக்கை மண்ணைத் தொடுவதற்கு முன் கரண்டியில் பிடித்தாக வேண்டும் என்பது விதி. முதல் ஆட்டின் பின்னால் கரண்டியை நீட்டிக்கொண்டு அலுவலர் குந்தினார்.

"யாரும் பேசாதீங்க. ஆட்டுக்குக் கூச்சம் வந்துடும்."

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆடும் நின்றது. அத்தனை பேர் தன் பின்புறத்தை இவ்வளவு மரியாதையோடு பார்த்து அது அறிந்ததில்லை. காலை முழுக்க அது அசையவில்லை. கடைசியில் உதவியாளர் ஒரு தும்மல் போட, அந்த அதிர்ச்சியில் காரியம் நடந்தது. அலுவலர் பாய்ந்து பிடித்தார். ஆட்டுக்காரரின் மனைவி தன்னை மறந்து கைதட்டிவிட்டாள்.

சில நாள் கழித்து முடிவு வந்தது. மந்தை முழுக்கக் கெட்ட கிருமி பூச்சியம். மனைவிக்கு ஒரே பூரிப்பு. "பாத்தீங்களா? நான் கூட்டிப் பெருக்கற கையி!" ஆட்டுக்காரர் முத்திரை வாங்க வாரியத்துக்குப் போனார். தலைமைக் குடல் அலுவலர் முடிவைப் பார்த்தார். பிறகு துக்க வீட்டுக்காரரைப் பார்ப்பது போல ஆட்டுக்காரரைப் பார்த்தார்.

"பூச்சியமா போச்சே."

"அது நல்லதுதானுங்களே?"

"யாருக்கு?"

தலைமைக் குடல் அலுவலர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க, சொல்றேன். முத்திரைல என்ன எழுதியிருக்கு? குறைப்பு. தூய்மைன்னு எழுதியிருக்கா? இல்ல. முன்னாடி இருந்ததுல பத்துல ஒம்பது பங்கு குறைஞ்சிருக்கணும். உங்க பூச்சியத்துல நான் எதைக் குறைக்க? நீங்களே சொல்லுங்க, நான் குறைக்கறேன்."

"ஏற்கெனவே சுத்தமாத்தானுங்க இருக்கு…"

"அதான் பிரச்சினையே!" தலைமைக் குடல் அலுவலர் கைக்குட்டையை எடுத்தார். "சுத்தமா இருக்கறவங்க எங்களை அவமானப்படுத்தறீங்க. போன வருஷம் உங்களை மாதிரி நாலு பேர் பூச்சியத்தத் தூக்கிட்டு வந்து எங்க சராசரியவே சாய்ச்சிட்டாங்க. ஆண்டு விழா மேடையில தலை குனிஞ்சு நின்னேங்க நான். நாட்டுல கிருமியே இல்லாம போயிட்டா இத்தனை குடும்பம் எங்க போகும்? என் பொண்ணு கிருமிய நம்பித்தான் படிச்சிட்டிருக்கா. என்னமோ நாங்க கிருமிக்கு விரோதின்னு வெளிய பேசிக்கறாங்க. கிருமி மேல எங்களுக்கு இருக்கற அக்கறை வேற யாருக்கு இருக்கு?"

"அப்ப நான் என்னங்க பண்ணணும்?"

"மொதல்ல வரட்டும். அப்புறம் குறையட்டும். ஒரு வரிசை இருக்குல்ல?"

"சரிங்க," என்றார் ஆட்டுக்காரர்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கையிலிருந்த துடைப்பத்தை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "கிருமிக்கு எங்க போறது?" என்றாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரே கொட்டகை ஞாபகம் வந்தது.

மச்சானின் கொட்டகை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சுத்தமான பண்ணைக்காரர்கள் எல்லோரும் கூடையோடு காத்திருந்தார்கள். மச்சான் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் வாரியத்தின் பாராட்டு: 'முதல்தரக் கிருமி வளம்.'

"வாங்க மாப்ள," என்றார் மச்சான். குரலில் அத்தனை வருஷத்துத் தேன். "மூக்கு வந்திருக்கா, இல்ல வீட்டுல இருக்கா?"

"வந்திருக்கு மச்சான்."

"எப்படி இருக்கு நம்ம வாசனை? நாலு பேருக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

ஆட்டுக்காரர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் கூடையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் தங்கள் தங்கள் பங்குக்கு ஏதோ சொல்லிவிட்டுத்தான் நின்றிருந்தார்கள் போலும்.

"அருமையா இருக்கு மச்சான்."

"இன்னொரு தடவ, மூச்ச உள்ள இழுத்துட்டு."

ஆட்டுக்காரர் இழுத்தார். கண்ணில் நீர் வந்தது. மச்சானுக்கு அதைப் பார்த்து மனசு இளகிவிட்டது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். தன் கையாலேயே ஒரு கூடை புழுக்கையை அள்ளிக் கொடுத்து, "என் தங்கச்சி வீட்டுக்குக் கெட்டது செய்வனா? நல்ல ஊறினது. தீவனத்துல கலந்து விடுங்க, கிருமி கும்முனு ஏறும்," என்று அனுப்பிவைத்தார்.

ஏறத்தான் செய்தது. அந்தக் கிருமி ஆட்டை ஒன்றும் செய்யாது. ஆட்டைத் தின்கிற மனிதனைத்தான் படுக்கையில் போடும். ஆகவே ஆடுகள் சந்தோஷமாகத் தின்றுவிட்டு மினுமினுவென்று நின்றன. பெரியம்மா மட்டும் தொட்டியை முகர்ந்து பார்த்தாள். தலையைத் தூக்கி ஆட்டுக்காரரைப் பார்த்தாள். பிறகு வேலியோரம் போய்ப் பழுத்த புல்லைக் கரண்ட ஆரம்பித்தாள். ஆட்டுக்காரர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார். அதற்கடுத்த நாள் எதற்காகச் சாப்பிடாமல் இருந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

மாதிரி அலுவலர் மறுபடி கரண்டியோடு வந்தார். இந்த முறை முடிவைத் தபாலில் அனுப்பாமல் நேரில் ஓடிவந்தார். "பிரமாதம்! எங்க ஆளுங்க எண்ணிட்டே இருக்காங்க, முடியல! தலைமை உங்களை ரொம்ப விசாரிச்சார்." ஆட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு சின்ன விஷயம். மணி கட்டின அந்த அம்மா மட்டும் இன்னும் பூச்சியம். மந்தைக்குள்ள ஒருத்தர் இப்படி இருந்தா மத்தவங்க மனசு கெட்டுடும் இல்லயா? விசாரணைக்கு அழைச்சிட்டுப் போகணும்."

"திரும்ப வந்துடுவாளுங்களா? அவ இல்லாம மந்தை லாரி ஏறாதுங்க."

"எங்க வாரியத்துக்குள்ள போனது எதாச்சும் காணாம போயிருக்கா? உள்ளதான் இருக்கும்." அலுவலர் பெரியம்மாவின் கழுத்திலிருந்து மணியைக் கழற்றி ஆட்டுக்காரர் கையில் கொடுத்தார். "விசாரணைக்கு வர்றவங்க நகை போட்டுக்கக் கூடாது."

"சரிங்க," என்றார் ஆட்டுக்காரர்.

இனி பொடிதான் பாக்கி. ஆட்டுக்காரர் கிடங்குக்குப் போனார். உள்ளே கூரைவரை மூட்டைகள். கிடங்கு அலுவலர் அவற்றுக்கு நடுவில், பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்த தகப்பனைப் போல உட்கார்ந்திருந்தார்.

"பொடியா? எதுக்கு?"

"ஆடுகளுக்குங்க. கிருமி வந்தாச்சு. குறைக்கணும்."

"குடுத்தா என் இருப்பு குறையுமே."

"குறைப்புதானுங்களே வேணும்?"

"அது கிருமில. இது கிடங்கு." கிடங்கு அலுவலர் எழுந்து ஒரு மூட்டையைத் தடவிக்கொடுத்தார். "நான் சேர்ந்த நாள்லருந்து ஒரு பிடி குறைஞ்சதில்ல. சிறந்த பாதுகாப்புக்கு மூணு தடவ மெடல் வாங்கியிருக்கேன். எனக்கு முன்னாடி இருந்தவரு ஒரே ஒரு மூட்டைய ஒரு பண்ணைக்குக் குடுத்துட்டாரு. பாவம், நல்ல மனுஷன். இப்ப எங்க இருக்காருன்னே தெரியல."

ஆட்டுக்காரர் வெளியே வந்தார். வரும் வழியில் மேய்ச்சல் நிலம் கண்ணில் பட்டது. புல் முடிந்து மண் தெரிந்தது. ஆடுகளுக்கு விலா எலும்பு துருத்த ஆரம்பித்திருந்தது. முன்பு பசியில்லாமல் சுத்தமாக நின்ற மந்தை, இப்போது கிருமியோடும் பசியோடும் நின்றது. அவர் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தவனின் காலைப் போல உள்ளே என்னவோ இருக்கிற இடம் மட்டும் தெரிந்தது, அவ்வளவுதான்.

மனைவிக்கு மட்டும் இன்னும் மரத்துப்போகவில்லை. "இன்னிக்கு முத்திரை வாங்கிட்டு வாங்க. இல்லன்னா அங்கயே நாலு அறைல ஏதாச்சும் ஒண்ணுல படுத்துக்கங்க," என்று தீவனத் தவிட்டுக் கையோடு அவர் இரண்டு கையையும் பிடித்து வெளியே தள்ளினாள்.

வாரிய வாசலில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். அதில் பெரியம்மா. மேலே, 'நம் பொடியால் தூய்மையடைந்த முதல் ஆடு.' வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

தலைமைக் குடல் அலுவலர் எழுந்து வந்து வரவேற்றார். "விசாரணைல உங்க ஆட்டு மேல குத்தம் எதுவும் நிரூபணமாகல. குத்தம் நிரூபணமாகாதவங்கள விடறதுக்கு விதி இல்ல. அதுக்குள்ள பதாகைக்கு ஒரு சுத்தமான ஆடு தேவைப்பட்டுச்சு, தேடிப் பார்த்தா இவங்க ஒருத்தர்தான் மிச்சம். பதாகைல இருக்கறவங்களுக்குப் பதவி இல்லாம இருந்தா நல்லா இருக்குமா? துணைக் குடல் அலுவலர், பொறுப்பு. நான்காம் அறை காலியாத்தானே கெடந்துச்சு."

"பெரியம்மாவப் பாக்கலாங்களா?"

"இப்ப மீட்டிங். ஆனா ஒண்ணு சொல்றேன், அவங்க வந்தப்புறம் ஆபீஸே மாறிடுச்சு. யாரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை பேசறதில்ல. எதைச் சொன்னாலும் நிதானமா மென்னுட்டு யோசிக்கறாங்க. இந்தப் பக்குவம் எனக்கு வர்றதுக்கு முடி நரைக்க வேண்டியிருந்துச்சு." சட்டென்று அவருக்கு ஒரு யோசனை. "உங்க கோப்பை அவங்க பார்வைக்கு வெச்சா என்ன? தெரிஞ்சவங்கதானே."

முதல் அறையில் ஊறிக்கொண்டிருந்த கோப்பை எடுத்து ஆட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். அவர் கையெல்லாம் தவிடு. கோப்பெல்லாம் தவிடு ஆயிற்று. நான்காம் அறையில் பாலித்தீன் பிரிக்காத மேசைக்குப் பின்னால் பெரியம்மா நின்றிருந்தாள். கோப்பை மேசைமேல் வைத்தார். அவள் முகர்ந்தாள். வீட்டுத் தவிடு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, அட்டை, கயிறு, பூச்சியம், பத்துல ஒம்பது பங்கு எல்லாவற்றையும் பொறுமையாகத் தின்று முடித்தாள். வாரிய வரலாற்றில் ஒரு கோப்பை முழுவதுமாகப் பார்த்த முதல் அதிகாரி அவள்தான்.

தலைமைக் குடல் அலுவலரின் கண்கள் மெல்லப் பனித்தன.

"செரிச்சாச்சு," என்றார். "நான்காம் அறைல ஒரு கோப்பு செரிச்சாச்சு! நிலுவைல ஒண்ணு குறைஞ்சிருக்கு. இந்தக் கட்டடத்துல ஏதாச்சும் ஒண்ணு நெஜமா குறைஞ்சிருக்குன்னா அது இன்னிக்குத்தான்!" நான்கு அறைகளிலும் கைதட்டல் எழுந்தது. "குடுங்கய்யா இவருக்கு முத்திரைய!"

ஆட்டுக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரிங்க என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேறொன்று சொன்னார். "ஐயா, முன்னாடி இல்ல. இப்ப நெஜமாவே ஆட்டுக்குள்ள கிருமி இருக்குங்க. ஜனங்க திம்பாங்க."

"கோப்புல இருக்கா?"

"கோப்பே இல்லைங்களே."

"அப்புறம் என்ன?"

"பெரியம்மாவயாவது ஒரு நாளைக்கு அனுப்பினீங்கன்னா, லாரி ஏத்திட்டு…"

"அவங்க நிரந்தரம் ஆகப்போற நேரம்ங்க இது. நீங்க குறுக்க வந்து கெடுக்காதீங்க."

ஆட்டுக்காரர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா அசைபோட்டபடி எல்லோரையும் பார்ப்பது போல அவரையும் பார்த்தாள். "வரேன்," என்றார். அவள் தலையாட்டினாள். அசைபோடும்போது தலை ஆடத்தான் செய்யும்.

விஷயத்தைக் கேட்டு மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "போகட்டும். லாரில ஏறி எறங்கற பொழப்புலருந்து தப்பிச்சிட்டா, இனி மத்ததுங்களை ஏத்தவும் வேணாம். நம்ம குடும்பத்துல உருப்படியா ஒரு வேலைக்குப் போனது அவ ஒருத்திதான்."

லாரி வந்தது. பலகையைச் சாய்த்தார்கள். பலகையின் பக்கத்தில் முத்திரை அலுவலர் மைக்கட்டையோடு நின்றார். மேலே ஏறுகிற ஒவ்வொரு முதுகிலும் ஒரு குத்து. வேலை நேரத்தில் மைக்கட்டையைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்று பெயர் எடுத்தவர். ஆனால் மந்தை அசையவில்லை. ஓட்டுநர் விசில் அடித்தார். ஆட்டுக்காரர் பின்னாலிருந்து தள்ளினார். ஓர் ஆடு பின்னங்காலால் அவரைத் தள்ளியது. உதவிக்கு வந்த மச்சான், "பயப்படாதீங்க, நம்ம சரக்கு தின்னதுங்க, ஓடிவரும்," என்று முன்னால் நின்று கூப்பிட்டார். ஆடுகள் ஓடத்தான் செய்தன, எதிர்ப் பக்கம்.

"ண்ணே, இருட்டுது. இன்னிக்கு ஏறலைன்னா தொழிற்சாலை கேட்டை மூடிடுவாங்க. அப்புறம் அடுத்த வருஷம்தான்," என்றார் ஓட்டுநர்.

மனைவி வீட்டுக்குள் ஓடி மணியை எடுத்து வந்தாள். யார் கழுத்தில் கட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"என்னங்க…"

"சரிங்க," என்றார் ஆட்டுக்காரர், பழக்க தோஷத்தில் மனைவியிடமே.

மணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து, தலையை ஆட்டிக்கொண்டு பலகைமேல் ஏறினார். மணி கிணுகிணுத்தது. மந்தை காதை நிமிர்த்தியது. அவர் முத்திரை அலுவலரைத் தாண்டும்போது முதுகில் 'டப்' என்று விழுந்தது. மை சட்டை தாண்டித் தோலுக்கு இறங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலேயே ஆடுகள் ஏறின. டப், டப், டப். வயிறு நிறையக் கிருமியோடும் முதுகு நிறையத் தூய்மையோடும் கடைசி ஆடும் உள்ளே போயிற்று.

பெரியம்மா இறங்கும் பக்கவாட்டுக் கதவு ஓர் ஆட்டளவுதான். ஆட்டுக்காரர் அதில் தலையை விட்டுப் பார்த்தார். தோள் நுழையவில்லை. ஆடுகள் நான்கு பக்கமும் நெருக்கி நின்றன. கதகதப்பாக இருந்தது. ஓட்டுநர் பின்பலகையைத் தூக்கிப் பூட்டினார்.

"ஐயோ, அவரு உள்ள இருக்காருங்க! எறக்குங்க!" என்று மனைவி ஓடிவந்தாள்.

முத்திரை அலுவலர் மைக்கட்டையைத் துடைத்தபடி நிமிராமல் சொன்னார். "முத்திரை விழுந்தது மேல ஏறினா ஏறினதுதாம்மா. எறக்கறதுக்கு வாரியத்துல மனு குடுங்க. நான்காம் அறை. இப்ப அங்கதான் சீக்கிரம் ஆகுது."

"என்னங்க! ஏதாவது சொல்லுங்களேன்!" என்று லாரியைத் தட்டினாள்.

லாரி கிளம்பியது. உள்ளேயிருந்து மணிச் சத்தம் மட்டும் வந்தது. தலையாட்டுகிறார் என்று அர்த்தம்.